விமான நிறுவனம் எண்ணுகிறது, அரசு ஏன் எண்ணவில்லை?

காலையில் ஹீத்ரோவில் ஏறுகிறார். பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் இறங்குகிறார். கடவுச்சீட்டைக் காட்டி வெளியே வந்த கையோடு மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, அன்றே லண்டன் திரும்பிவிடுகிறார். ஊரைப் பார்க்கவில்லை, யாரையும் சந்திக்கவில்லை, கையில் ஒரு சின்னப் பைக்கு மேல் எதுவும் இல்லை. இந்தப் பயணத்துக்கு ஒரே காரணம், பிரிட்டிஷ் ஏர்வேஸின் வெள்ளி அட்டை கைநழுவிப் போய்விடக் கூடாது என்பதுதான். அடிக்கடி பறப்பவர்கள் இதை ‘டியர் பாயிண்ட் ரன்’ என்பார்கள். லண்டனில் பல ஆண்டுகள் அமோகமாக நடந்த பழக்கம் இது.

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். ஆனால், பறந்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் பறந்தார்கள். 2025 மார்ச் வரை இருந்த விதிப்படி, கொடுத்த கட்டணம் எவ்வளவு என்று நிறுவனம் பார்க்கவில்லை. எந்த வகுப்பு, எவ்வளவு தூரம் என்ற இரண்டை மட்டுமே பார்த்துப் புள்ளி கொடுத்தது. வெள்ளி அட்டைக்கு ஓராண்டில் 600 புள்ளிகள், தங்க அட்டைக்கு 1,500. சோஃபியாவுக்கு பிசினஸ் வகுப்பில் ஒரு வழிக்கு 80 புள்ளிகள். நான்கு முறை போய்வந்தால் 640, வெள்ளி அட்டை உறுதி. ஐரோப்பிய விமானங்களில் அந்த பிசினஸ் இருக்கையும் பெரிதாக ஒன்றுமில்லை. எகானமியில் இருப்பதேதான். நடு இருக்கையை ஆளில்லாமல் விட்டு, தட்டில் சாப்பாடு கொடுப்பார்கள். தள்ளுபடி டிக்கெட் கிடைத்த நாளில் போய் வந்துவிட்டால், ஓராண்டுக்கும் மேலாக லவுஞ்சில் இலவசச் சாப்பாடு, தனி வரிசை, விருப்பப்பட்ட இருக்கை, கூட ஒரு விருந்தாளியை அழைத்துச் செல்லும் உரிமை.

ஒரே தூரம்

இனி கிழக்கு லண்டனுக்கு வருவோம். நியூஹாம் மாநகரப் பகுதியில், ஈஸ்ட் ஹாமின் தமிழ்க் கடைத்தெருவுக்கும் அப்டன் பார்க்கின் கிரீன் தெருவுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது பிளேஸ்டோ. இலங்கைத் தமிழரும் தமிழ்நாட்டுக்காரரும் கலந்து வாழும் வட்டாரம். இங்கே ஒரு குடும்பம் ஊருக்குப் போவது இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பள்ளிக்கூடம் விடும் ஜூலை, ஆகஸ்ட்டில், டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும்போதுதான் போக முடியும். கிளம்புவதற்கு முந்தின இரவு கூடத்தில் பெட்டிகள் விரிந்து கிடக்கும். கைப்பிடியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் சின்னத் தராசு 24 என்று காட்டினால், சாக்லேட் பெட்டி ஒன்று வெளியே வரும், அத்தைக்கு வாங்கிய கம்பளிச் சட்டை கைப்பைக்கு மாறும். யாழ்ப்பாணத்தாரில் சிலருக்கும் இப்போது சென்னைதான் வழி. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு 2019 நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் தொடங்கியது. கொரோனாவில் நின்றுபோய், 2022 டிசம்பரில் மறுபடி பறக்கத் தொடங்கியது.

இப்போது தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். லண்டனிலிருந்து சென்னைக்குப் போய்வர ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். சோஃபியாவுக்கு நான்கு முறை போய்வந்தாலும் ஏறத்தாழ அதே 16,000 கிலோமீட்டர்தான். ஒருவர் மூன்று ஆண்டுக்குப் பிறகு தாயைப் பார்க்கப் போகிறார். மற்றவர் அட்டைக்காகப் போகிறார்.

பிரிட்டிஷ் அரசு இந்த இருவரிடமும் என்ன வாங்கியது? பழைய விதி நடப்பில் இருந்த கடைசி நிதியாண்டான 2024-25இல், இந்தியாவுக்கு எகானமியில் கிளம்பும் ஒருவருக்கு விமானப் பயணி வரி 88 பவுண்டு. சோஃபியா போன்ற பக்கத்து ஊருக்கு பிசினஸ் வகுப்பில் கிளம்ப 26 பவுண்டு, நான்கு முறைக்கு 104. எகானமியில் போகும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வரி இல்லை என்பதால், பெற்றோரும் இரண்டு சிறு பிள்ளைகளும் சென்னை போனால் வீட்டுக்கு 176 பவுண்டு.

ஆளுக்கு ஆள் பார்த்தால் ஒரே தூரம், ஏறக்குறைய ஒரே வரி. இதில் என்ன அநியாயம் என்று கேட்கலாம். தூரத்துக்கு வரி போடுவதில் அநியாயம் இல்லை. தூரம் கூடினால் புகையும் கூடும். ஆனால் வரிக்குத் தெரிவது தூரமும் இருக்கையும் மட்டும்தான். இது இவருக்கு மூன்று ஆண்டில் முதல் பயணமா, இந்த மாதத்திலேயே நான்காவதா என்று அது கேட்பதே இல்லை.

விமான நிறுவனம் கேட்கிறது. பழைய விதியில், கேட்டு, நான்காவது முறை வந்தவருக்கு வெள்ளி அட்டை கொடுத்தது. சென்னை போன குடும்பத்தில் நான்கு பேர் சேர்ந்து எவ்வளவு கொடுத்திருந்தாலும், அட்டை தரும் அந்தஸ்துப் புள்ளிகளான டியர் பாயிண்டுகள் ஆளுக்கு ஆள் தனித்தனி. டிக்கெட் வாங்கப் பயன்படும் அவியோஸ் புள்ளிகளை ஒரே வீட்டுக் கணக்கில் சேர்க்கலாம், அந்தஸ்துப் புள்ளிகளைச் சேர்க்க முடியாது. நான்கு பெட்டி தூக்கிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த அந்தஸ்து ஏணியில் கால்வைக்கவே இடமில்லை.

ஏணி யாருக்கு?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் தொடங்கிய ‘அட்வான்டேஜ்’ திட்டம்தான் இன்றைய ஏணிகளுக்கெல்லாம் முன்னோடி. காலியாகக் கிடக்கும் இருக்கையை அடுத்த முறை பரிசாகக் கொடுத்தால், வாடிக்கையாளர் வேறு விமானத்துக்குப் போக மாட்டார் என்பது அதன் கணக்கு. டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பது கம்பெனி, புள்ளி சேர்வது ஊழியர் கணக்கில். இந்த ஓட்டைதான் திட்டத்தின் உயிர். சொந்தப் பணமாக இருந்தால் மலிவான டிக்கெட்டைத் தேடுவோம். கம்பெனிப் பணம் என்றால் புள்ளி தரும் டிக்கெட்டைத் தேடுவோம்.

நாளடைவில் புள்ளிகளே தனி வணிகமாயின. கடன் அட்டை வங்கிகளுக்குப் புள்ளிகளை மொத்தமாக விற்கிறார்கள். 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட்டும் அமெரிக்கனும் தங்கள் புள்ளித் திட்டங்களை அடமானம் வைத்துக் கோடிக்கணக்கில் கடன் வாங்கின. பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமான ஐஏஜி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து அதே ஆண்டு ஏறத்தாழ 75 கோடி பவுண்டு பெற்றது. அதில் பெரும்பகுதி, பின்னால் கொடுக்கவேண்டிய புள்ளிகளுக்கு முன்பணம்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 2025 ஏப்ரல் 1இல் நடந்தது வியப்பில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தூரத்தைக் கைவிட்டு, செலவழித்த பவுண்டுக்கு ஒரு புள்ளி என்று மாற்றிவிட்டது. அரசு வரிக்கும் விமான நிலையக் கட்டணத்துக்கும் புள்ளி கிடையாது. வெள்ளிக்கு 7,500, தங்கத்துக்கு 20,000. அறிவிப்பு 2024 டிசம்பர் கடைசியில் வந்தபோது, ஆண்டுக்கணக்கில் அட்டை வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். ‘இத்தனை ஆண்டு விசுவாசத்துக்கு இதுதானா பரிசு?’ என்பதுதான் புலம்பலின் சாரம். அமெரிக்காவில் டெல்டா 2023இல் இதையே செய்தபோதும் அமளி எழுந்தது. அதன் தலைவர் எட் பாஸ்டியன் எல்லை மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, சிலவற்றைத் தளர்த்தினார். ஏர் இந்தியாவும் 2024இல் மைல் கணக்கை விட்டுச் செலவுக் கணக்குக்கு மாறியது.

புலம்பியவர்கள் ஒன்றை மறந்தார்கள். நிறுவனம் விசுவாசத்தை எப்போதும் அளந்ததில்லை. லாபம் தரக்கூடியவர் யார் என்பதை அளக்கத் தூரத்தை ஒரு குத்துமதிப்பாக வைத்திருந்தது. இப்போது நேராகப் பணத்தையே அளக்கிறது. மலிவு டிக்கெட்டில் சோஃபியா போய்வந்து அட்டை பெறுவது இனி கட்டுப்படியாகாது. வேலையில்லாப் பயணம் குறைந்தால் நல்லதுதான். ஆனால், அது புகையைக் குறைக்கச் செய்த மாற்றமல்ல. ஓராண்டில் 50 முறை பறந்தாலும் வெள்ளி கிடைக்கும் என்ற மாற்றுவழியை நிறுவனம் சில வாரங்களிலேயே அறிவித்தது. அதாவது, எண்ணிக்கைக்குப் பரிசு கொடுக்கும் வாசல் இன்னும் மூடவில்லை.

பறக்காதவர் தலைக்கு மேலே

பிளேஸ்டோவில் இருந்து பேருந்தில் போய்விடும் தூரத்தில், பழைய ராயல் துறைமுகத்தின் நீர்ப்பரப்புக்கு நடுவே இருக்கிறது லண்டன் சிட்டி விமான நிலையம். துறைமுகத்தில் கப்பல் வருவது 1981இல் நின்றது. 1987இல் அதே இடத்தில் விமானம் வந்தது. சுமை தூக்கிய தொழிலாளர்களின் வட்டாரத்தில், கேனரி வார்ஃப் வங்கியாளர்களுக்கான ஓடுபாதை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் இங்கிருந்து நியூயார்க்குக்கு 2009 முதல் 2020 வரை ஒரு விமானம் விட்டது. நூறு பேருக்கு மேல் ஏறக்கூடிய ஏர்பஸ் ஏ318இல் 32 பிசினஸ் இருக்கைகள் மட்டும். ஓடுபாதை குட்டை என்பதால், போகும்போது அயர்லாந்தின் ஷானனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகும்.

அதே நிலையம் ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகள் என்ற வரம்பை 90 லட்சமாக உயர்த்தக் கேட்டது. இரைச்சலைக் காரணம் காட்டி நியூஹாம் கவுன்சில் 2023 ஜூலையில் மறுத்தது. 2024 ஆகஸ்டில் அரசு வரம்பை உயர்த்தி அனுமதித்தது. சனிக்கிழமை பிற்பகலில் கூடுதல் விமானம் விடும் கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. நியூஹாம் மக்களுக்கு மிஞ்சியது அந்த வார இறுதி அமைதிதான்.

யார் பறக்கிறார்கள் என்ற கேள்வி இங்கேதான் சுடுகிறது. பிரிட்டனில் 15 சதவீதம் பேர் 70 சதவீத விமானப் பயணங்களை மேற்கொள்கிறார்கள் என்பது போக்குவரத்துத் துறையின் 2014 ஆய்வு காட்டிய கணக்கு. பாதிப் பேர் அந்த ஆண்டு பறக்கவே இல்லை. ஸ்டெஃபான் கோஸ்லிங், ஆண்ட்ரியாஸ் ஹும்பே இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயணிகள் விமானங்கள் கக்கும் கரியமில வாயுவில் பாதிக்கு, உலக மக்களில் 1 சதவீதம் பேரே பொறுப்பு.

தடையா, வரியா?

இம்பீரியல் கல்லூரியின் ரிச்சர்ட் கார்மைக்கேல், பிரிட்டனின் பருவநிலை மாற்றக் குழுவுக்காக 2019இல் எழுதிய அறிக்கையில், புள்ளித் திட்டங்களையே தடைசெய்யலாம் என்றார். அந்தஸ்தைக் காப்பாற்றவே பறக்கும் பழக்கத்தை அவை தூண்டுகின்றன என்பது அவர் வாதம். நார்வே, போட்டியைக் காக்கும் காரணத்துக்காக, உள்நாட்டுப் பயணங்களுக்குப் புள்ளி கொடுப்பதை 2002இல் தடுத்தது. 2013இல் அந்தத் தடை நீங்கியது. தடையால் வானம் இடிந்து விழவில்லை. ஆனாலும் தடை மட்டும் போதாது. புள்ளி இல்லாவிட்டாலும் கம்பெனிப் பணத்தில் பறப்பவர் பறந்துகொண்டுதான் இருப்பார்.

பலன் தரக்கூடியது எண்ணிக்கை கூடக்கூட ஏறும் வரி. ஆண்டின் முதல் பயணத்துக்கு வரி இல்லை அல்லது மிகக் குறைவு, இரண்டாவதுக்குக் கொஞ்சம், அதற்குமேல் படிப்படியாக அதிகம். தூரமும் கணக்கில் இருக்கட்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுக்கள் கூட்டிய பருவநிலை மக்கள் மன்றத்தில், 2020இல், சாதாரணக் குடிமக்களில் 80 சதவீதம் பேர் இந்த யோசனையை ஆதரித்தார்கள். மறு ஆண்டு அரசு கருத்துக் கேட்டது, பழைய வரியே தொடரட்டும் என்று முடித்துக்கொண்டது. யார் எத்தனை முறை பறந்தார் என்ற தகவலைத் திரட்டுவது சிக்கல், அந்தரங்கம் பாதிக்கும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்தக் காரணம் நிற்காது. யார் எந்தத் தேதியில் எந்த வகுப்பில் எங்கே போனார் என்று விமான நிறுவனங்கள் நாற்பது ஆண்டுக்கு மேலாக எண்ணிக்கொண்டிருக்கின்றன. 599 புள்ளியில் நின்றவருக்கு அட்டை இல்லை என்று சொன்ன அளவுக்குத் துல்லியமான கணக்கு அது. பிரிட்டனிலிருந்து வெளிநாடு பறப்பவரில் பெரும்பாலோர் கடவுச்சீட்டு எண்ணையும் கொடுத்துத்தான் பறக்கிறார்கள்.

நியாயமான எதிர்ப்பு ஒன்று நம் வீட்டிலிருந்தே வரும். அண்ணன் டொரன்டோவில், தங்கை பாரிஸில், அம்மா சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ. போர் சிதறடித்த குடும்பத்துக்கு ஓராண்டில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஓர் ஆஸ்பத்திரி என்று மூன்று பயணம் வந்துவிடும். எண்ணிக்கை வரி இவர்களைத் தண்டிக்காதா? கொஞ்சம் பாதிக்கும், மறுக்க முடியாது. ஆனால் முதல் பயணத்தில் மிச்சமாகும் வரிப்பணம் மூன்றாவதன் சுமையில் ஒரு பங்கைத் தாங்கும். பெற்றோரின் மரணத்துக்கும் நோய்க்கும் விலக்கு எழுதுவது கடினமான சட்ட வேலையும் அல்ல. அதோடு, பிளேஸ்டோவில் ஆண்டுக்கு மூன்று முறை பறப்பவர் அபூர்வம். பாரத்தின் பெரும்பகுதி ஆண்டுக்குப் பத்து, இருபது முறை பறப்பவர் மேல்தான் விழும். விழவேண்டிய இடமும் அதுதான்.

நியூஹாமில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நம் சங்கங்களும் கோயில்களும் கேட்கவேண்டிய கேள்வி இது: மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தாயைப் பார்க்கப் போகிறவரும், அட்டைக்காக மாதத்துக்கு ஒருமுறை பறப்பவரும் வரியில் எப்படி ஒன்றாவார்கள்? எண்ணும் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. இன்றுவரை அது பரிசு கொடுக்க மட்டுமே பயன்பட்டது. இனி வரி வாங்கவும் பயன்பட வேண்டும்.