இரண்டு நிறங்களில் ஒரு வரைபடம்

இலக்கியம் பேசுகிறவர்களுக்குப் பள்ளிக்கூட நிர்வாகத்தின் திட்ட அறிக்கையோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்களைப் பொறுத்தவரை திட்ட அறிக்கையும் ஓர் உரைநடைதான். அதற்கும் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. பல வேளைகளில் எழுவாய் காணாமற்போய்விடுகிறது என்பதே சிக்கல். 'மாணவர்களின் கற்றல் அடைவு உயர்த்தப்படும்' என்றொரு வாக்கியம் வரும். உயர்த்தப்போவது யார், எந்தப் பணத்தைக் கொண்டு, யாருடைய வசதியைக் குறைத்து என்பவையெல்லாம் அந்தச் செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்ளும். அமெரிக்காவின் பள்ளி மாவட்டங்கள் இரண்டின் கதையை அந்தக் கண்ணோடு வாசித்துப் பார்த்ததில் எங்களுக்குத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறோம்.

அங்கே பள்ளி மாவட்டம் என்பது நம்மூர் வருவாய் மாவட்டம் போன்றதன்று. பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் கல்வி வாரியம் ஒன்று, அது நியமிக்கும் கண்காணிப்பாளர் ஒருவர், உள்ளூர் வரிகளிலிருந்து கணிசமாக வரும் நிதி என்று தனித்து இயங்கும் அமைப்பு அது. கண்காணிப்பாளர் மாறினால் திட்டமும் மாறும். புதியவர் தமது ஐந்தாண்டுத் திட்டத்தோடு வருவார். பழையவருடையது அலமாரிக்குப் போகும்.

1999-ஆம் ஆண்டில் இரண்டு மாவட்டங்களுக்குப் புதிய கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவுக்குப் பெவர்லி ஹால். தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுன்டிக்கு ஜெரி வீஸ்ட். இருவருமே 2011 வரை பதவியில் இருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு கண்காணிப்பாளர் பன்னிரண்டு ஆண்டுகள் நீடிப்பது அரிது. இருவருமே ஏழைக் குழந்தைகளின் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டுவோம் என்றார்கள், இருவருமே நாடு முழுவதும் பாராட்டப்பட்டார்கள்.

அட்லாண்டாவின் முடிவு பலருக்கும் தெரிந்ததே. அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் தேர்வு இலக்கு விதிக்கப்பட்டது. எட்டினால் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் தலைமையாசிரியரின் பதவியே ஆட்டங்காணும். ஜார்ஜியா டோம் விளையாட்டரங்கில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் இலக்கை எட்டிய பள்ளியினர் கீழே மைதானத்தில் அமர்த்தப்பட்டார்கள். எட்டாதவர்களுக்குப் பார்வையாளர் படிக்கட்டு. 2009-இல் ஹாலுக்கு நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் விருது கிடைத்தது. 2011 ஜூலையில் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை, ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு நடந்ததாகவும் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் பங்கேற்றதாகவும் சொன்னது. தவறான விடையை அழித்துவிட்டுச் சரியான விடையைக் குறித்தவர்கள் ஆசிரியர்களே. 2015 ஏப்ரலில் பதினொரு பேர், திட்டமிட்டுக் குற்றம் புரியும் கும்பல்களுக்காக இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ்க் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஹால் தம்மீதான குற்றச்சாட்டை மறுத்துவந்தார்; விசாரணையை எதிர்கொள்ளாமலே அதற்கு முந்தைய மாதம் புற்றுநோயால் இறந்தார்.

ஆசிரியர்களின் ஒழுக்கக்கேடு என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. செய்தவர்கள் தண்டனைக்குரியவர்கள் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த அழிப்பானால் ஏமாந்தவர் யார் என்று பாருங்கள். வாசிக்கத் தடுமாறும் குழந்தை ஒன்று தாளில் நன்றாக வாசிக்கும் குழந்தையாக மாறிவிட்டது. ஆகவே அதற்குத் தனிப்பயிற்சி தேவையில்லை என்று ஆகிவிட்டது. குழந்தைக்கு உதவி தேவை என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத் திட்டமே அழித்துவிட்டது. அந்தத் திட்டத்தில் இலக்கு இருந்தது, தண்டனை இருந்தது. வகுப்பறைக்குள் திங்கட்கிழமை காலையில் என்ன மாறவேண்டும் என்பதுதான் இல்லை.

மாண்ட்கோமரியின் கதை இதைவிடச் சிக்கலானது. ஆகவே எங்களுக்கு அதில் ஈடுபாடும் அதிகம்.

1970-இல் அந்தக் கவுன்டியின் பள்ளிகளில் பத்து மாணவரில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர். இன்று அங்கே பயிலும் ஏறத்தாழ 1,60,000 மாணவர்களில் எந்த இனமும் பெரும்பான்மை இல்லை. லத்தீன் அமெரிக்க வழிவந்த குழந்தைகளே பெரிய பிரிவு. எல் சால்வடோரிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள், சீன, கொரிய, இந்தியக் குடும்பங்கள் என்று ஒரு தலைமுறைக்குள் ஊரே மாறிவிட்டது. வீஸ்ட் வந்தவுடன் செய்த முதல் காரியம், மாவட்டத்தின் வரைபடத்துக்கு இரண்டு வண்ணம் பூசியதுதான். வறுமையும் ஆங்கிலம் அறியாத குழந்தைகளும் செறிந்திருந்த பகுதி சிவப்பு மண்டலம். வசதியான பகுதி பச்சை மண்டலம். சில்வர் ஸ்பிரிங், வீட்டன் முதலியவை சிவப்பு. பெதெஸ்டா, பொட்டோமாக் முதலியவை பச்சை. தொடக்கப்பள்ளிகளில் ஏறத்தாழப் பாதி சிவப்பில் விழுந்தன. எல்லாருக்கும் தெரிந்த, எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அரசு ஆவணமே வண்ணத்தில் சொல்லிவிட்டது. அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

அதற்குப்பின் வந்த வாக்கியங்களில் எழுவாய் இருந்தது. சிவப்பு மண்டலத்துக் கிண்டர்கார்ட்டன் அரைநாளிலிருந்து முழுநாளாகும். அங்கே ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து குழந்தைகள். ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளில் பதினேழு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஒரு மாணவருக்கு ஏறத்தாழ 2,000 டாலர் கூடுதல் செலவு. பச்சை மண்டலத்துப் பெற்றோரிடமும் வரி வாங்கிச் சிவப்பு மண்டலத்தில் செலவிடப்போகிறோம் என்பதுதான் இதன் பொருள். மறைக்கவில்லை, சொல்லியே செய்தார்கள்.

ஆசிரியர் சங்கத்தோடு போட்டுக்கொண்ட ஏற்பாடும் குறிப்பிடத்தக்கது. திறன் குறைந்த ஆசிரியருக்கு அனுபவமுள்ள மற்றோர் ஆசிரியர் ஓராண்டு துணைநிற்பார். பின்னர் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சம அளவில் அமர்ந்த குழு, அவர் நீடிக்கலாமா என்று முடிவு செய்யும். சங்கம் உள்ளே இருந்தால் யாரையுமே நீக்க முடியாது என்று எண்ணுவோர் இந்த எண்களைப் பார்க்கவேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு முந்தைய பத்தாண்டுகளில் நீக்கப்பட்டோர் ஐந்து பேர். பிந்தைய பதினொரு ஆண்டுகளில் 200 பேரை நீக்கக் குழு முடிவு செய்தது. மேலும் 300 பேர் குழுவின் முன் நிற்காமல் தாமாகவே விலகினார்கள். ஆசிரியர் மதிப்பீட்டைத் தேர்வு மதிப்பெண்ணோடு கட்டினால் கூட்டாட்சி அரசின் திட்டத்தின்கீழ் 12 மில்லியன் டாலர் கிடைக்கும் என்ற நிலை வந்தபோது, மாவட்டம் அந்தப் பணமே வேண்டாம் என்று விட்டுவிட்டது.

இவ்வளவும் பாராட்டுக்குரியது. ஆனால் இலக்கு என்னும் நோய் இங்கேயும் முற்றாக விலகிவிடவில்லை. ஆறாம் வகுப்புக் கணக்கை ஐந்தாம் வகுப்பிலேயே கற்பவர் எத்தனை பேர், எட்டாம் வகுப்புக்குள் இயற்கணிதம் முடித்தவர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினார்கள். எண்ணத் தொடங்கியதும் எண்ணிக்கை கூடியது. எண்ணிக்கையின் குணம் அது. அடித்தளம் உறுதிப்படுமுன் குழந்தைகள் மேல்தளத்துக்கு ஏற்றப்பட்டார்கள். வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று 2010-இல் மாவட்டம் தானே அமைத்த கணிதக் குழு சொல்லவேண்டியதாயிற்று. 2013-இல் உயர்நிலைப் பள்ளிகளில் இயற்கணித இறுதித் தேர்வு எழுதியவர்களில் பாதிப்பேருக்கு மேல் தோற்றது வெளியாகிப் பெரும் சர்ச்சை ஆனது. 2015-இல் கல்வி வாரியம் அந்த இறுதித் தேர்வுகளையே நிறுத்திவிட முடிவெடுத்தது. காய்ச்சல் அதிகமென்றால் வெப்பமானியைத் தூக்கி எறிவது போல, என்று சொல்லத் தோன்றுகிறது. தேர்வு மிகுந்து பாடநேரம் குறைகிறது என்ற அவர்களுடைய வாதத்திலும் உண்மை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இப்போது மையமான செய்திக்கு வருவோம். இதே கவுன்டியில் 1974 முதல் வேறொரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அது கல்வித்துறையின் சட்டமன்று, வீடு கட்டுவோருக்கான சட்டம். பெரிய குடியிருப்புகளைக் கட்டுவோர் அவற்றில் ஒரு பங்கைச் சந்தை விலைக்குக் குறைவாக ஒதுக்கவேண்டும். அந்த ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை கவுன்டியின் வீட்டுவசதி அமைப்பு வாங்கி ஏழைகளுக்கு வாடகைக்கு விடலாம். விண்ணப்பித்த குடும்பங்களுக்கு எந்த வீடு என்பது குலுக்கல் முறையில் அமையும். ஆகவே ஓர் ஏழைக் குழந்தை சிவப்பு மண்டலப் பள்ளிக்குப் போகுமா, பச்சை மண்டலப் பள்ளிக்குப் போகுமா என்பதும் ஏறக்குறைய சீட்டு விழுந்தபடிதான்.

ஹெதர் ஷ்வார்ட்ஸ் என்னும் ஆய்வாளர் இப்படிப்பட்ட 858 குழந்தைகளை 2001 முதல் 2007 வரையிலான பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து, 2010-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். கூடுதல் பணமும் சிறிய வகுப்பும் பெற்ற சிவப்பு மண்டலப் பள்ளிகளில் படித்த ஏழைக் குழந்தைகளைவிட, அந்தச் சலுகைகள் எவையுமில்லாத பச்சை மண்டலப் பள்ளிகளில் படித்த ஏழைக் குழந்தைகள் மேலாகத் தேர்ந்தார்கள். தொடக்கப்பள்ளியை முடிக்கும்போது, வசதியான மாணவர்களுக்கும் இவர்களுக்கும் இருந்த இடைவெளி கணிதத்தில் பாதியாகவும் வாசிப்பில் மூன்றில் ஒரு பங்கும் குறைந்திருந்தது. அக்கம்பக்கத்தைவிடப் பள்ளியின் பங்கே இதில் பெரிதாக இருந்தது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விவரம். முதல் இரண்டு ஆண்டுகளில் இரு பக்கத்துக் குழந்தைகளுக்கும் வேறுபாடே இல்லை. ஐந்தாம் ஆண்டில்தான் அது தெரியத் தொடங்குகிறது. ஏழாம் ஆண்டில் தெளிவாகிறது. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் ஆண்டறிக்கைகளில் இந்தப் பலன் இடம்பெற்றிருக்கவே முடியாது. இரண்டாம் ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில் 'பயனில்லை, நிறுத்திவிடலாம்' என்று முடிவெடுத்திருப்பார்கள்.

ஆய்வின் வரம்புகளையும் சொல்லவேண்டும். அந்தப் பச்சை மண்டலப் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகள் சிறுபான்மையினர். பள்ளியில் வறுமை கூடக்கூட இப்பலன் தேய்கிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே எல்லாரையும் எல்லா இடத்துக்கும் மாற்றினால் போதும் என்று யாரும் முடிவுகட்ட முடியாது. வீஸ்டின் செலவு வீண் என்பதற்கும் இது சான்றாகாது. அந்தப் பணம் இல்லாவிட்டால் சிவப்பு மண்டலக் குழந்தை எங்கே நின்றிருக்கும் என்பது இந்த ஒப்பீட்டில் இல்லை. ஆயினும் ஒன்று தெளிவு. அடைவை உயர்த்துவதற்கென்றே நல்லெண்ணத்தோடும் பணத்தோடும் தீட்டப்பட்ட திட்டத்தைவிட, கல்வியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத கட்டடச் சட்டம் அந்தக் குழந்தைகளுக்குக் கூடுதலாகச் செய்திருக்கிறது. வீஸ்டின் திட்டம் வரைபடத்துக்கு வண்ணம் பூசியது. வரைபடத்தின் கோடுகளைத் தொடவில்லை.

தொடாததற்குக் காரணம் உண்டு, அதில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. வாஷிங்டனைச் சுற்றி வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும்போது சமையலறையைப் பார்க்குமுன் பள்ளியின் தரவரிசையைப் பார்க்கிறார்கள். பத்துக்கு ஒன்பது என்றால் வீட்டு விலையில் இன்னும் ஐம்பதாயிரம் டாலர் ஏறினாலும் பரவாயில்லை. பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய வீட்டின் பள்ளி நாளை மாறலாம் என்றால் எவருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்த அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம். 2019-இல் மாவட்டம் முழுவதற்குமான எல்லைக்கோடுகளை ஆராய வெளி நிறுவனம் ஒன்று அமர்த்தப்பட்டபோது, பொதுக்கூட்டங்களில் கூச்சல் எழுந்தது. அது வெறும் ஆய்வுதான், எவருடைய பள்ளியும் மாறப்போவதில்லை என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

மேரிலாந்து மாநிலம் 2021-இல் நிறைவேற்றிய பெரிய கல்விச் சட்டம் வறுமை செறிந்த பள்ளிகளுக்குத் தனி நிதி தருகிறது. நல்லது, தரட்டும். ஆனால் அதுவும் செறிவுக்கு ஈடு தருகிறதே ஒழிய, செறிவைக் கலைப்பதன்று. கலைக்கும் அதிகாரம் மாவட்டத்தின் கல்வி வாரியத்திடம்தான் இருக்கிறது. பள்ளி எல்லையை வரையும்போது கருத்தில் கொள்ளவேண்டியவை என்று வாரியத்தின் விதிகள் நான்கைச் சொல்கின்றன: மாணவர்களின் சமூகப் பொருளாதாரப் பின்னணி, வீட்டுக்கும் பள்ளிக்குமான தொலைவு, எல்லை அடிக்கடி மாறாமை, கட்டடத்தின் கொள்ளளவு. நடைமுறையில் முதலாவதற்காகப் பேசுவோர் கூட்டத்தில் குறைவு; இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒலிவாங்கியின் முன் வரிசை நிற்கும்.

புதிய உயர்நிலைப் பள்ளிகளுக்காக எல்லைகளை வரையும் ஆய்வுகள் 2025-இலும் நடந்தன, இனியும் நடக்கும். அக்கூட்டங்களுக்குச் செல்லும் நண்பர்கள் ஷ்வார்ட்ஸின் அறிக்கையை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தங்கள் தெருவுக்காக வாதாடுவது அவர்கள் உரிமை. தங்கள் பிள்ளையின் வகுப்பில் இன்னும் இரண்டு மூன்று ஏழைக் குழந்தைகள் வந்து அமர்ந்தால் குறைந்துபோவது எது என்ற கேள்வியை மட்டும், ஒலிவாங்கியைப் பிடிக்குமுன், அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளவேண்டும் என்கிறோம்.