மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருக்கலாமா?

பிரசவமான தாய்க்கு என்ன உணவு கொடுக்கலாம், குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்று எல்லோரும் எங்களிடம் கேட்கிறார்கள். தாம்பத்திய உறவை எப்போது தொடங்கலாம், அடுத்த கருவை எப்படித் தள்ளிப்போடலாம் என்று கேட்போர் மிகச் சிலரே. "தாய்வீட்டில்தானே இருக்கப்போகிறாள், மாதவிலக்கும் இன்னும் வரவில்லையே" என்று பல குடும்பங்கள் அப்பேச்சை ஒத்திவைக்கின்றன. மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன்பே அப்பேச்சு நடந்து, முடிவும் எட்டப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதல் மாதவிலக்கிற்கு முன்பே கருமுட்டை வெளிப்படக்கூடும். தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்கு 4 வாரங்களிலேயே இது நிகழலாம். தாய்ப்பால் ஓரளவு பாதுகாப்பு என்பது உண்மையே. ஆனால் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு கருத்தடை முறை தேவை.

ஒரு பிரசவத்திற்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே 24 மாதங்களாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடைவெளி மிகக் குறைந்தால் இரத்தசோகை, குறைமாதப் பிரசவம், சிசேரியன் தழும்பு பிரிதல் ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. எதிர்பாராத கருவைக் கலைக்க மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வழிகள் பல உள்ளன. காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்திற்குள், சிசேரியனின்போதேகூடப் பொருத்தலாம். பாலூட்டுவோர் 6 வாரங்களுக்குப் பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆணுறை எப்போதும் உதவும். குழந்தைகள் போதும் என முடிவெடுத்தவர்களுக்கு, ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை பெண்களுக்கானதைவிட எளியது. கருத்தடையைப் பெண்ணின் பொறுப்பாக மட்டும் கருதுவது நியாயமன்று.

உதிரப்போக்கு நின்று, புண் ஆறி, தாயின் மனமும் இசைந்த பிறகே உறவைத் தொடங்க வேண்டும். பாலூட்டும் காலத்தில் ஹார்மோன் குறைவால் பிறப்புறுப்பில் வறட்சியும், உறவின்போது வலியும், நாட்டக் குறைவும் ஏற்படலாம். அதை மனைவியின் வெறுப்பாகக் கணவர் கருதலாகாது. வலி நீடித்தால் சிகிச்சை உண்டு.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குத் தம்பதியராக வாருங்கள். தனியே பேச விரும்பினால் அதற்கும் இடமளிப்போம். இதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.