ஒத்திகை பார்க்கவும் எஸ்தோனியா வேண்டுமா?

மத்திய அரசின் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் செயலகம் 2022 ஏப்ரல் 18 முதல் 29 வரை தேசிய சைபர் பாதுகாப்புப் பயிற்சியை நடத்தியது. அரசுத் துறைகள், முக்கிய கட்டமைப்பு நிறுவனங்கள் ஆகியவற்றின் அதிகாரிகள் 140-க்கும் மேற்பட்டோருக்காகத் திட்டமிடப்பட்டது அது. கணினி வலையமைப்பு ஒன்றின் மீது தாக்குதல் தொடுப்பதும், அதைத் தடுத்து நிறுத்துவதும்தான் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கான தளத்தை வழங்கியது சைபர்எக்ஸர் என்ற எஸ்தோனிய நிறுவனம். இதை ரகசியமாக யாரும் வைக்கவில்லை; அரசின் அறிவிப்பிலேயே இருந்தது.

எஸ்தோனியாவைக் குறை சொல்வதற்கில்லை. 2007-ல் அந்நாட்டின் நாடாளுமன்றம், வங்கிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் இணையதளங்கள் வாரக்கணக்கில் தாக்குதலுக்கு உள்ளாயின. பட்ட அனுபவத்தைப் பாடமாக்கிக்கொண்டது அந்தச் சின்னஞ்சிறு நாடு. மறு ஆண்டே நேட்டோவின் சைபர் பாதுகாப்பு மையம் அதன் தலைநகர் தாலினில் அமைந்தது. 2010 முதல் அங்கிருந்து சர்வதேச ஒத்திகைகள் நடத்தப்படுகின்றன. கேள்வி வேறு. பெங்களூரு என்ற நகரத்தைத் தன்னிடம் வைத்திருக்கும் நாடு, உலகின் பாதி நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நாடு, தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்க வெளியே போக வேண்டிய அவசியம் என்ன?

இத்தகைய ஒத்திகைக்கான மென்பொருள்கள் பல, மூல நிரலோடு இலவசமாகவே கிடைக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க அரசுக்கு ஆய்வுப் பணி செய்யும் லாப நோக்கற்ற அமைப்பான மைட்டர் உருவாக்கிய கால்டெரா, ஊடுருவுபவர்கள் கையாளும் உத்திகளை வரிசையாகத் தானே செய்து பார்க்கும். எந்த இடத்தில் காவல் விழித்துக்கொண்டது, எந்த இடத்தில் உறங்கியது என்பது பதிவாகிவிடும். இஸ்ரேலில் உருவாகி 2016-ல் வெளியான 'இன்ஃபெக்ஷன் மங்கி', பெயருக்கேற்ற குரங்கு. ஒரு கணினியில் விட்டால், அங்கிருந்து வேறு எந்தெந்தக் கணினிகளுக்குத் தாவ முடியும் என்று காட்டிக்கொடுக்கும். செக் குடியரசின் மசாரிக் பல்கலைக்கழகம், கைப்போ என்ற முழுமையான பயிற்சிக்களத்தையே 2020-ல் பொதுவில் வைத்தது. பிரான்சில் ஓப்பன்எக்ஸ் என்ற பெயரில் பிறந்த மென்பொருள் இன்னொரு வகை. தாக்குதல் நடக்கும்போது மேலதிகாரியின் மின்னஞ்சல், நிருபரின் கேள்வி, அமைச்சகத்தின் அவசரச் செய்தி எல்லாம் அடுத்தடுத்து வந்து விழுமாறு அமைத்து, நிர்வாகம் தடுமாறுகிறதா என்று சோதிக்க உதவும். நம் நாட்டில் மிகவும் தேவைப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

இதை மிகைக்கூற்று என்பவர்கள் கூடங்குளத்தை நினைவுகூர வேண்டும். 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையத்தின் சார்பில் ஊடுருவல் செய்தி பொய் என மறுக்கப்பட்டது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்துவிட்டதாம்! உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இருந்ததால் ஆபத்தில்லை என்ற விளக்கம் சரியே. ஆனால், ஒரு நாள் இடைவெளியில் மறுப்பும் ஒப்புதலும் வெளியானால், அடுத்த முறை உண்மையையே சொன்னாலும் இடிந்தகரை மக்கள் எப்படி நம்புவார்கள்?

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கதை இன்னும் துல்லியமானது. 2022 நவம்பர் 23 அன்று அதன் கணினிகள் முடங்கின. நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவது முதல் பல பணிகள் நாள்கணக்கில் காகிதத்துக்குத் திரும்பின. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று டிசம்பரில் மாநிலங்களவையில் அரசு பதிலளித்தது. காரணமாக அந்தப் பதில் கூறியது, வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததை. அதாவது, ஓர் அறையில் நுழைந்தவன் எல்லா அறைகளுக்கும் போக முடிந்தது. மேலே சொன்ன குரங்கு கண்டுபிடிப்பதும் இதைத்தான். அந்தப் பதிலைக் கேட்ட உறுப்பினர்கள், 'நுழைவதற்கு முன் சோதித்துப் பார்த்தீர்களா?' என்று அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

பயிற்சி 2022-க்குப் பிறகும் தொடர்ந்து நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், அது சில நூறு அதிகாரிகளுக்கானது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டபோது, பணப் பரிமாற்றம் தடைபட்டது ஏறத்தாழ 300 சிறு வங்கிகளில். பெரும்பாலும் கூட்டுறவு, கிராம வங்கிகள். மாவட்ட மருத்துவமனைக்கும் கூட்டுறவு வங்கிக்கும் வெளிநாட்டுத் தளத்துக்கு உரிமக் கட்டணம் கட்டி ஒத்திகை பார்க்க வசதி ஏது? அரசுத் துறைகள் திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும், விலக்கினால் காரணம் காட்ட வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசே கொள்கை வகுத்தது. ஒத்திகைக்கு மட்டும் அது பொருந்தாதா?

இதே மென்பொருளைத் திருடனும் எடுத்துக்கொள்வானே என்பது வழக்கமான ஆட்சேபம். எடுத்துக்கொள்வான்தான், ஏற்கெனவே வைத்திருக்கிறான். இல்லாதது காவலாளியிடம் மட்டுமே.

மென்பொருள் இலவசம் என்றாலும் இயக்குவதற்கு ஆள் வேண்டும். ஆள்கள் பெங்களூருவில் இருக்கிறார்கள். இந்திய அறிவியல் நிறுவனத்தை மையமாக வைத்து கர்நாடக அரசு சைபர் பாதுகாப்புக்கான சிறப்பு மையம் நடத்துகிறது. 2024-ல் தனிக் கொள்கையும் வெளியிட்டது. ஆனால், குறையைச் சுட்டிக்காட்டுபவரை தில்லி எப்படி நடத்துகிறது? 2017 மே மாதம் பெங்களூருவின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு அரசு இணையதளங்களில் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே தெரியும்படி இருந்ததாக அது மதிப்பிட்டது. ஆதார் ஆணையத்திடமிருந்து வந்தது நன்றிக் கடிதமல்ல. சட்டவிரோதமாக நுழையாமல் இத்தகவல் கிடைத்திருக்காது என்ற தொனியில் விளக்கம் கேட்கும் கடிதம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவில் 'நேர்மையற்ற முறையில் அல்லது மோசடியாக' என்ற நிபந்தனை உண்டு. இழப்பீடு கோர வழிசெய்யும் 43-ஆவது பிரிவில் அது இல்லை. உரிமையாளரின் அனுமதியின்றி நுழைந்தாலே போதும். நல்லெண்ணத்தில் சோதித்தவர் என்பதை அவர்தான் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து நிரூபிக்க வேண்டும். நல்லெண்ணப் பாதுகாப்பு ஆய்வுக்கு வழக்குத் தொடர வேண்டாம் என்று அமெரிக்க நீதித் துறை 2022 மே மாதம் தன் வழக்குரைஞர்களுக்கு அறிவுறுத்தியது. இங்கும் 43-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கைச் சேர்க்க நான்கு வரித் திருத்தம் போதும். அரசு கொண்டுவரவில்லையெனில், தனிநபர் மசோதாவாக எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். தமிழகத்திலிருந்து மக்களவைக்குச் செல்வோர் 39 பேர்.