டி.வி. வந்தது... போன் வயலுக்குப் போச்சு! 19 மாதம் பூட்டிய பள்ளிக்கூடம்: பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது எது?

திருவாரூர்,-

மழை பிடித்தால் டெல்டா பிள்ளைகளுக்குக் குஷி. "நாளைக்கு லீவா?" இதுதான் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. 19 மாதம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தால்?

கிடந்ததே! கொரோனா பயத்தில் 2020 மார்ச் 17-ந் தேதி பூட்டிய கதவு, 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தது. 1-ம் வகுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த குழந்தை, நேரே 3-ம் வகுப்பு பெஞ்சில் போய் உட்கார்ந்தது. நடுவில் 'ஆல் பாஸ்'.

அந்த 19 மாதம் அந்தக் குழந்தைக்குப் பாடம் சொன்னது யார்?

போன் எங்கே?

செல்போனில் வகுப்பு என்றார்கள். 8-ம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 2 வகுப்புதான், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம்தான் என்று மத்திய அரசு 2020 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. கண்ணுக்கு நல்லது. ஆனால் வகுப்பு நடப்பது பகலில் ஆச்சே!

அந்த வருஷம் மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதியே திறந்துவிட்டார்கள். குறித்த தேதியில் தண்ணீர் விட்டது 8 வருஷத்துக்குப் பிறகு. மன்னார்குடி, நன்னிலம், குடவாசல் பக்கமெல்லாம் குறுவை வேலை மும்முரம். கூலிக்காரர் வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவின் சட்டைப்பையில் ஏறி வயலுக்குப் போய்விடும். அம்மா நடவுக்குப் போய்விடுவார். போன் வீடு திரும்பும்போது வகுப்பு முடிந்திருக்கும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் போனுக்கு அடிதடி வேறு.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர்கள் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று அன்றைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நல்ல காரியம். 4-ம் வகுப்புப் பையனுக்கு அந்தச் சலுகை வரவில்லை.

கேலி செய்த பெட்டி

அவனுக்குக் கிடைத்தது கல்வி தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் தொடங்கிய இந்தச் சேனலில் 2020 ஜூலை மத்தியில் இருந்து வகுப்புவாரியாகப் பாடம் ஓடியது. அரசு கேபிளில் 200-ம் நம்பர்.

பார்க்க வீட்டில் டி.வி. இருந்தது. திருவாரூரில் படித்து வளர்ந்த கருணாநிதி 2006-ல் இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தபோது கேலி பேசாதவர் குறைவு. சினிமா பார்க்கத்தான் உதவும் என்றார்கள். அப்படி டி.வி. பழகிய வீடுகளில்தான் 2020-ல் டி.வி. கரும்பலகை ஆனது.

ஆனால் டி.வி. பேசும், கேட்காது. 'ஒற்றை எழுத்து வரவில்லை சார்' என்று சொன்னால் அதன் காதில் விழாது. கூட உட்கார்ந்து, "இதைப் படி பார்ப்போம்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பகலில் வயலில் இருந்தார். டிசம்பரில் புரெவி மழை டெல்டாவையே மூழ்கடித்தபோது பாடமாவது, டி.வி.யாவது!

சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும், பிறகு முட்டையும் வீட்டுக்கே கொடுத்தார்கள். அது வயிற்றுக்கு ஆச்சு. எட்டாவது, ஒன்பதாவது பையன்கள் விஷயம் வேறு. கூலிக்குப் போய் நாலு காசைக் கண்ணால் பார்த்துவிட்டவனைத் திரும்பப் பள்ளிக்கு இழுப்பது லேசான காரியமா?

பட்டன் போன் போதும்

ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா என்று ஒரு நாடு. அங்கே சுமார் 4,500 குடும்பங்களை வைத்து 2020-ல் ஒரு சோதனை நடந்தது. ஸ்மார்ட் போன் இல்லை, இன்டர்நெட் இல்லை. வாரா வாரம் கணக்குகளை எஸ்.எம்.எஸ்.சில் அனுப்பிவிட்டு, சிலருக்கு மட்டும் போன் போட்டு 15, 20 நிமிடம் பெற்றோரோடும் பிள்ளையோடும் பேசினார்கள். எஸ்.எம்.எஸ். மட்டும் போன வீட்டில் பெரிய மாற்றம் இல்லை. ஆள் பேசிய வீட்டுப் பிள்ளை கணக்குப் போட்டது!

இதைச் செய்ய நம்மூரில் என்ன தடை? பெற்றோர் போன் நம்பர் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. ராத்திரி 7 மணிக்குக் கூப்பிட்டால் அப்பாவும் வீட்டில், போனும் வீட்டில். தானாகவே இப்படிக் கூப்பிட்ட ஆசிரியர்கள் உண்டு. எல்லோரும் செய்ய அதை ஒரு திட்டமாக்கி இருக்க வேண்டும்.

மாலை 5 மணி

நேரத்தைச் சரியாகப் பிடித்தது 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27-ந் தேதி மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் வகுப்பு. சொல்லிக்கொடுத்தது அதே தெருவில் இருக்கும் பிளஸ்-2, டிகிரி படித்த பெண்கள். சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒருவர். மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள்.

பலன்? தமிழக கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்த பொருளாதார ஆய்வாளர்கள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு 6 மாதத்தில் திரும்பி வந்தது என்று கண்டார்கள். அப்படித் திரும்பி வந்ததில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது.

எல்லாம் வந்துவிடவில்லை. 2-ம் வகுப்புப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் படிக்கத் தெரிந்த 3-ம் வகுப்புக் குழந்தைகள், 2018 'அசர்' சர்வேயில் தமிழக கிராமங்களில் 100-க்கு 10 பேர். 2022-ல் 5 பேர்தான்.

மாலை வகுப்பு எடுத்த பெண்களுக்கு மாதம் ரூ.1,000 கொடுத்தார்கள். நாளைக்கு 33 ரூபாய். நடவுக்குப் போனால் ஒரே நாளில் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். நடவுக்குப் போய் வந்து, கை கால் கழுவிக்கொண்டு, 5 மணிக்கு வகுப்பு எடுக்க உட்கார்ந்தவர்களும் அவர்களில் உண்டு.