எண்ணினால் பரக்கத் போய்விடுமா?



விழுப்புரம், திண்டிவனம் பகுதி மஹல்லாக்களில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர், ஆதரவற்ற விதவைகள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். குத்துமதிப்பாக ஒரு விடை வரும். எழுதி வைக்கலாமே என்றால், "எண்ணினால் பரக்கத் போய்விடும்" என்பார்கள் சில பெரியவர்கள். எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று அஸ்மா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை ஆதாரமாகவும் காட்டுவார்கள்.

அந்த ஹதீஸ் தர்மம் செய்யும் கை கஞ்சத்தனத்தால் முடங்குவதைத் தடுக்கிறது. சமுதாயத்தின் நிலையை அறிவதைத் தடுக்கவில்லை. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்களே பணித்ததையும், 1,500 பேர் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. எண்ணுவது பரக்கத்தைப் போக்குமென்றால் அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்குமா?

இன்னொரு சாரார், "இயற்பியலும் பொருளாதாரமும் படித்து என்ன பயன்? இன்ஜினியரிங் படி, இல்லையேல் வளைகுடாவுக்குப் போ" என்று பிள்ளைகளின் பாதையை அடைக்கின்றனர். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அதையே கற்பித்தவர். தரவு அறிவியலாளர் என்ற பெயர் வழக்கில் வருமுன்பே அத்தொழிலைச் செய்தவர். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு உருவாகக் காரணமானார். 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வடிவம் தந்தார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானையை நன்கு கிளறிய பிறகே அந்தச் சோறு உண்மை சொல்லும். பாரபட்சமின்றி மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் அவரது முறையின் சாரம் அதுவே.

அதனால் நமக்கென்ன என்பீர்களோ? 2005இல் அமைக்கப்பட்ட நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அதே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பையும் பெரிதும் கொண்டுதான் முஸ்லிம்களின் நிலையை 2006இல் நாட்டின் முன் வைத்தது. அதன் உறுப்பினர் செயலர் அபூசாலிஹ் ஷரீஃப் ஒரு பொருளாதார அறிஞர். முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் மதரசாவில்தான் படிக்கின்றனர் என்ற கட்டுக்கதையை, மதரசா ஆசிரியர்களாகிய நாங்கள் எத்தனையோ முறை மறுத்தோம், எவரும் செவிசாய்க்கவில்லை. நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இல்லை என்று அந்த அறிக்கை எண்ணிக் காட்டிய பிறகே கேட்டார்கள். நம் கண்ணீர் சாதிக்காததை ஓர் எண் சாதித்தது.

எனவே ஜமாஅத் நிர்வாகிகளே, அடுத்த ரமலானுக்குள் உங்கள் மஹல்லாவின் தேவையுடையோரை, அவர்களின் மானம் காத்து, பதிவேட்டில் எழுதுங்கள். ஜகாத் யாரைச் சென்றடைந்தது, யாரைத் தவறவிட்டது என்பது அப்போதுதான் தெரியும். பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ இயற்பியல், புள்ளியியல், பொருளாதாரம் படிக்க விரும்பினால் குறுக்கே நிற்காதீர்கள். நம்மை நாமே எண்ணாவிட்டால், பிறர் சொல்லும் கணக்கே நம் கணக்காகிவிடும். ஏழையின் பெயர் விடுபடாமல் எழுதுவதும் ஓர் அமானிதமே.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக. ஆமீன்.