மங்கும் வெள்ளியும் மாற்றுச் சுருளும்

2016ஆம் ஆண்டு மே மாதத்திலே களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவைப் பகுதியிற் புகுந்தபொழுது, எமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தாரின் இல்லத்திலும் இடுப்பளவு வெள்ளம் நின்றது. நீர் வடிந்தபின் அவர்கள் முதலில் தேடியது நகையையன்று, நிழற்பட ஏடுகளையே. வண்ணப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாயின. கணினியும் அதனுட் சேமித்தவையும் சேற்றோடு போயின. ஒரு பழைய பிஸ்கட் பேணியுள்ளே கிடந்த கறுப்பு வெள்ளை எதிர்ப்படங்கள் மாத்திரம், நல்ல நீரில் அலசி நிழலிலே உலர்த்தியதும், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய மணக்கோலத்தை அப்படியே காட்டின. அவற்றைத் தாளிற் பதித்துத் தருமாறு கேட்டு அவர்கள் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை அலைந்தனர். இருட்டறையுள்ள ஸ்ரூடியோ ஒன்றேனும் அவர்களுக்கு அகப்படவில்லை.

இந்த அலைச்சல் அக்குடும்பத்தாருக்கு மாத்திரம் உரியதன்று. கறுப்பு வெள்ளைச் சுருள் உலகச் சந்தையிலிருந்து பெயர் பெயராக மறைந்து வருவது நேயர்கள் அறிந்ததே. கொடாக் நிறுவனம் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட பிளஸ்-எக்ஸ் 2011இல் நின்றது. மறு ஆண்டே அந்நிறுவனம் கடன் தீர்க்க மாட்டாது நீதிமன்றம் சென்றது. ஜெர்மனியின் அக்பா-போட்டோ 2005இலும், குரோஷியாவின் எவ்கே சுருளை ஆக்கிய தொழிற்சாலை 2012இலும் வீழ்ந்தன. ஜப்பானியரின் நியோபான் ஏக்ரொஸ் 2018இலே நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

வாங்குவோர் குறைந்தால் விலையை ஏற்றிச் சிறிதளவே செய்யலாகாதா என்று கேட்கலாம். ஆகாது. சுருள் என்பது தோசை போல ஒவ்வொன்றாக வார்க்கும் பண்டமன்று. ஒரு மீற்றருக்கு மேல் அகலமும் ஆயிரக்கணக்கான மீற்றர் நீளமுமுள்ள தெளிந்த படலத்தின்மேல், செலற்றினிற் கலந்த வெள்ளி உப்பை முழு இருளிலே ஒரே சீராகப் பூசுதல் வேண்டும். பூசும் பொறி ஒரு முறை இயங்கினால் வெளிவரும் சுருள்களோ எண்ணிறந்தவை. அவை விற்றுத் தீருமுன் காலாவதியாகுமாயின் பொறியை இயக்குவதே நட்டம். இயக்காது விட்டால், பூசத் தெரிந்த தொழிலாளர் ஓய்வுபெற்றுச் செல்வர். அவர்களோடு கைப்பழக்கமும் போய்விடும்.

இதற்கு நம் அண்டையிலேயே ஒரு சான்றுண்டு. உதகமண்டலத்திலே இந்திய அரசு 1960இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் நிறுவனம், பிரெஞ்சு நாட்டார் துணையோடு 1967இல் ஆக்கந் தொடங்கியது. தூசியற்ற குளிர்ந்த மலைக்காற்று இத்தொழிலுக்கு உகந்தது. 'இந்து' என்னும் பெயரோடு அங்கே கறுப்பு வெள்ளைச் சுருளும், படத்தாளும், மருத்துவர்க்கு வேண்டும் எக்ஸ் கதிர்ப் படலமும் ஆயின. இங்கே இந்து என்றது சமயப் பெயரன்று; திங்களைக் குறிக்கும் வடசொல். மேனாட்டு இரசவாதியர் வெள்ளி உலோகத்தைத் திங்களுக்கு உரியதாக வைத்தனர். பெயரிட்டோர் அதைக் கருதினரோ இலரோ, பொருத்தம் நன்றாகவே வாய்த்துவிட்டது. நம் மொழியிலோ வெள்ளி என்பது வேறொரு கோளின் பெயர், அது நிற்க. 1996ஆம் ஆண்டில் அந்நிறுவனம் நலிவுற்றதென அறிவிக்கப்பட்டு, பின்னர் மெல்ல மெல்ல மூடுண்டது. தமிழ் நிலத்திலே சுருள் ஆக்கிய பெருந்தொழிற்சாலை அது ஒன்றே. அதன் வீழ்ச்சிக்கு எண்முறைக் கருவியின் வருகையை மாத்திரம் காரணங் கூறுவோர் ஆண்டுக் கணக்கைப் பாரார். கைத்தொலைபேசி படம் எடுக்கத் தொடங்குமுன்னரே அது நோயுற்றுவிட்டது.

இனி, மறைந்த சுருளுக்கு மாற்றுத் தேடுவோர் செய்யத்தக்கது யாது? கூட்டின்மேல் எழுதிய எண்ணைப் பார்த்து வாங்குவது முதற்படி. பிளஸ்-எக்ஸின் ஒளியுணர்வு எண் 125. இங்கிலாந்தின் இல்போட் ஆக்கும் எப்பி-4 பிளஸின் எண்ணும் 125. கொடாக்கின் டிரை-எக்ஸும் இல்போட்டின் எச்பி-5 பிளஸும் 400. எண் ஒன்றாயினும் படம் ஒன்றாகாது. மணியின் பருமை வேறு, செந்நிறத்தை உணரும் அளவு வேறு, உருத்துலக்கியில் நிற்கவேண்டிய நேரமும் வேறு. சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்துச் செய்யுளை மொழிபெயர்த்தவன் நிலை போன்றது இது. பொருள் வரும், ஓசை வாராது. ஏக்ரொஸ் சுருளின் கதை இன்னும் நுட்பமானது. ஆக்கியோரே 2019இல் அதை மீட்டபொழுது, கிடையாத மூலப்பொருள்களுக்கு மாற்றுக் கண்டே மீட்டனர். பெயரில் 'இரண்டு' என்று சேர்த்துக்கொண்டனர். இல்போட்டுங்கூட 2004இல் தளர்ந்து, அதன் அலுவலரே பொறுப்பேற்றதனால் மறு ஆண்டு பிழைத்தெழுந்தது.

நம் நாட்டிலே பிறிதோர் இடர் உண்டு. உருத்துலக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. கொழும்புக் குழாய் நீரோ ஏறத்தாழ 28 பாகை. அச்சூட்டிலே செலற்றின் வீங்கி மென்மையாகும்; நேரமும் குறுகுவதனாற் சிறு தவறும் பெரிதாகத் தோன்றும். பனிக்கட்டி போட்டுக் குளிர்வித்த பழைய ஸ்ரூடியோக்காரர் இதை ஏட்டிற் படித்து அறிந்தாரல்லர். இருட்டறை அற்ற ஊருக்கு இல்போட்டின் எக்ஸ்பி-2 ஒருவாறு உதவும். வண்ணச் சுருளைக் கழுவும் சி-41 முறையிலேயே அதனையுங் கழுவலாம். ஆனால் அப்படத்தில் இறுதியில் எஞ்சி நிற்பது வெள்ளியன்று, சாயம். வெள்ளத்தில் தப்பிய அந்தப் பேணியை நினைப்போர்க்கு வேறுபாடு விளங்கும்.

"இவையெல்லாம் எதற்கு? எண்முறைப் படத்தின் நிறத்தை நீக்கினால் கறுப்பு வெள்ளைதானே" என்று எம் மாணாக்கர் கேட்பதுண்டு. காட்சிக்கு அது போதும் என்பதை மறுக்கமாட்டோம். எமது கவலை காட்சியைப் பற்றியதன்று, சான்றைப் பற்றியது. கொழும்பிற் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட், உலகம் மதிக்கும் ஒளிப்படக் கலைஞர். அவர் பெயரால் அரங்கொன்று இந்நகரில் நிற்கின்றது. அவருடைய எதிர்ப்படங்களோ நமக்கு எஞ்சவில்லை. அவர் காலத்திலே பதித்த தாள்களே எஞ்சின. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவற்றை நுண்படச் சுருளில் முன்னரே எடுத்து வேற்றூரில் வைத்திருந்தால் எத்துணை மிஞ்சியிருக்கும்! சென்னையிலே 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தமிழ் அச்சு நூல்களைப் பெருவாரியாக நுண்படமாக்கியது இதனை உணர்ந்தே. நுண்படச் சுருளும் கறுப்பு வெள்ளைச் சுருளே. பொலியெஸ்டர்ப் படலத்தில் எடுத்து முறைப்படி காத்தால் 500 ஆண்டு நிற்குமென்பது துறையறிந்தோர் கணிப்பு. உருப்பெருக்கும் கண்ணாடியும் சிறிது வெளிச்சமும் இருந்தால் அதனைப் படிக்கலாம். எண்முறைக் கோப்பைப் படிக்க அதற்குரிய பொறியும் மின்னும், காலந்தோறும் புதிய கருவிக்கு அதை மாற்றிவைப்போரும் வேண்டும். நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களை எண்முறையிற் காத்துவரும் பணி போற்றத்தக்கது. அதற்குப் பகையாக இதனைச் சொன்னோமல்லோம். ஒரு களஞ்சியத்திற்கு இரண்டு சாவி இருக்கட்டும் என்றே சொல்கின்றோம்.

2023இல் வெளிவந்த 'ஒப்பன்ஹைமர்' திரைப்படத்திற்காகக் கொடாக், 65 மில்லிமீற்றர் அகலத்திலே கறுப்பு வெள்ளைச் சுருளை முதன்முதல் ஆக்கிக் கொடுத்தது. கேட்பவர் வலியராயின் இல்லாத சுருளும் உண்டாகும் என்பதற்கு இது சான்று. கொழும்பிலுள்ள பாடசாலை ஒன்றின் ஒளிப்படக் கழகத்து மாணவர் ஐவர் கேட்டால் எவர் செவி சாய்ப்பர்? அத்தகைய கழகங்கள் பத்தும், நூலகங்கள் இரண்டோ மூன்றும் கூடி ஆண்டுக்கொருமுறை ஒரே கட்டளையாகச் சுருளையும் தாளையும் மருந்தையும் தருவித்தால், வணிகர் மறுக்கமாட்டார். பலருக்கும் பொதுவாக ஓர் இருட்டறை அமைப்பதும் பெருஞ்செலவன்று. வேண்டியது ஒளி புகாத அறை, ஓடும் நீர், பழைய உருப்பெருக்கி ஒன்று, அதை இயக்கத் தெரிந்த முதியவர் ஒருவர். இவற்றுள் அரியது இறுதியிற் சொன்னதே.

கொலன்னாவைக் குடும்பத்தார் அந்த எதிர்ப்படங்களை இப்பொழுது தனித்தனித் தாளுறையில் இட்டு, மேல்மாடியிலே வைத்திருக்கின்றனர். பதித்துத் தருபவரை இன்னும் தேடுகின்றனர்.