வாக்கில்லாதவரும் கதவைத் தட்டலாம்

சென்ற வாரம் நள்ளிரவு கடந்த வேளையில் நியூ ஜெர்சியிலிருந்து என் பள்ளித் தோழன் அழைத்தான். பணி அனுமதியைப் புதுப்பிக்க அவன் விண்ணப்பித்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. உரிய துறை தானே அறிவித்திருந்த வழக்கமான கால அளவும் கடந்துவிட்டது. பழைய அட்டை காலாவதியான அன்றே நிறுவனம் அவனைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிவிட்டது. வீட்டு வாடகை, கார்க் கடன், திருவாரூரில் இருக்கும் தாயின் மருத்துவச் செலவு என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னான்.

"உன் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதினாயா?" என்று கேட்டேன்.

"நமக்கு ஏன்டா அந்த வம்பு? நமக்கு அங்கே ஓட்டா இருக்கு? எழுதினா ஃபைல்ல கறுப்புப் புள்ளி விழும், வாயை மூடிக்கிட்டு இருன்னு பெரியவங்க எல்லாரும் சொல்றாங்க" என்றான்.

அந்தப் பெரியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இந்தியர் குடியேறிய வரலாற்றைத் தில்லியில் அமர்ந்து சில ஆண்டுகளாகப் படித்துவரும் ஆய்வு மாணவன் நான். அந்த வரலாற்றில் ஓரளவேனும் பழகிய எவரும் இத்தகைய அறிவுரையை வழங்கத் துணியமாட்டார். அனுபவத்தின் பெயரால் அவர்கள் பரப்புவது அச்சத்தை மட்டுமே.

முதலில், வாக்கில்லாதவனுக்குப் பிரதிநிதி உண்டா என்ற கேள்வி. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள் உள்ளன. அவை மாநிலங்களுக்கு எவ்வாறு பகிரப்படுகின்றன? வாக்காளர் எண்ணிக்கையைக் கொண்டா? குடிமக்கள் எண்ணிக்கையைக் கொண்டா? இரண்டும் இல்லை. 1868இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் பதினான்காம் திருத்தம், ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள மனிதர்களின் மொத்த எண்ணிக்கையைக் கொண்டே இடங்களைப் பகிரச் சொல்கிறது. என் தோழனும் அவன் மனைவியும் மக்கள்தொகைக் கணக்கில் தலைகளாக எண்ணப்படுகிறார்கள். அந்த எண்ணிக்கையின் மீதுதான் உறுப்பினரின் நாற்காலி நிற்கிறது. நாற்காலிக்குக் கால் கொடுத்தவன் அதில் அமர்ந்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பதை வம்பு என்பது எந்த ஊர் நியாயம்?

அரசிடம் குறை தீர்க்கக் கோரும் உரிமை, 1791இல் சேர்க்கப்பட்ட முதல் திருத்தத்திலேயே, பேச்சுரிமைக்கும் மத உரிமைக்கும் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவேதான் ஏறத்தாழ ஒவ்வொரு உறுப்பினரின் தொகுதி அலுவலகத்திலும் இத்தகைய மனுக்களைக் கவனிப்பதற்கென்றே ஊழியர்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். ஓய்வூதியம், முன்னாள் படைவீரர் நலம், கடவுச்சீட்டு, குடியேற்றம் ஆகியவை அவர்களுடைய அன்றாட அலுவல். அதற்கான ஊதியம் வரிப்பணத்திலிருந்து போகிறது. அந்த வரியை என் தோழன் பதினொரு ஆண்டுகளாகச் செலுத்திவருகிறான். விண்ணப்பத்துக்கான கட்டணத்தையும் அவனே செலுத்தினான். அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் செலவில் மிகப்பெரும் பகுதி விண்ணப்பதாரர் தரும் கட்டணத்தால்தான் நடைபெறுகிறது என்பதைப் பெரியவர்கள் அறிவார்களா?

அடுத்து, கறுப்புப் புள்ளி. தலைமறைவாக வாழ்பவர் அரசின் கண்ணில் படாமலிருக்க விரும்புவதில் பொருள் உண்டு. முறைப்படி விண்ணப்பித்தவரோ தம் முகவரி, ஒளிப்படம், விரல்ரேகை, வேலை செய்யும் இடம் அனைத்தையும் தாமே எழுதிக் கொடுத்துவிட்டவர். உறுப்பினரின் கடிதம் அவரைப் பற்றித் துறைக்குப் புதிதாக எதைக் காட்டிக்கொடுக்கப் போகிறது? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நாடு கடத்தும் ஆணையோ குற்ற வழக்கோ உள்ளவர்கள் முதலில் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும். இன்றைய சூழலில் அந்த எச்சரிக்கை மிகவும் தேவை. அவர்களுக்குரிய எச்சரிக்கையை எடுத்துவந்து, வெறுமனே அட்டை வராமல் காத்திருப்பவனின் வாயில் பூட்டாக மாட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். மௌனத்துக்கு இப்போது விலையும் கூடியிருக்கிறது. புதுப்பிக்க விண்ணப்பித்தாலே பழைய அனுமதி 540 நாள் வரை தானாக நீளும் என்றிருந்த ஏற்பாடு, 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்போரில் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று தாமதத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம்.

இனி, கொஞ்சம் கண்ணியமான எதிர்ப்பொன்றைப் பார்ப்போம். "இதுவும் சிபாரிசுதானே? ஊரில் எம்.எல்.ஏ. கடிதம் வாங்கிக் காரியம் சாதித்த பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோக வேண்டுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நேர்மை இருக்கிறது. ஆகவே பதிலும் தெளிவாக இருக்க வேண்டும்.

சிபாரிசு என்பது தகுதியில்லாததைத் தரச் சொல்வது, அல்லது பிறரை முந்தவிடச் சொல்வது. தொகுதி அலுவலகத்தின் கடிதம் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தக் கோப்பு எங்கே, ஏன் நிற்கிறது? முடிவு இப்படி இருக்க வேண்டும் என்று கட்டளையிட உறுப்பினருக்கு அதிகாரம் இல்லை. கடும் பொருளிழப்பு, மருத்துவ நெருக்கடி போன்ற காரணங்களுக்காக விரைந்து பரிசீலிக்கத் துறையே வகுத்திருக்கும் விதிகள் உண்டு. அவற்றின்கீழ் ஒரு கோரிக்கையை முன்வைக்கலாம், அவ்வளவே. அதையும் விண்ணப்பதாரர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் செய்ய முடியாது. 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டத்தையொட்டி வந்த நடைமுறை அது. கேட்டவர் யார், யாருக்காகக் கேட்டார், என்று கேட்டார் என்பதற்கெல்லாம் காகிதச் சான்று இருக்கும்.

காகிதச் சான்றில்லாத உதவி எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் அந்நாடு பார்த்திருக்கிறது. 1980இல் அம்பலமான ஆப்ஸ்காம் விவகாரத்தில், எஃப்.பி.ஐ. ஆட்கள் அரேபியச் செல்வந்தரின் பிரதிநிதிகளாக வேடமிட்டு உறுப்பினர்களிடம் பணத்தோடு சென்றார்கள். அவர்கள் கேட்ட உதவிகளில் ஒன்று, அந்தச் செல்வந்தர் அமெரிக்காவில் குடியேற வழி செய்யும் தனி மசோதா. ஒரு செனட் உறுப்பினரும் பிரதிநிதிகள் சபையைச் சேர்ந்த ஆறு பேரும் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். அந்த செனட் உறுப்பினர் என் தோழன் வாழும் நியூ ஜெர்சியின் பிரதிநிதியே. சிபாரிசு எது என்று அறிய விரும்புவோர் அந்த வழக்கைப் படிக்கட்டும். பணமில்லாமல், மறைவில்லாமல், கையொப்பமிட்ட படிவத்தோடு கேட்கப்படும் கேள்வியை அதனோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஆனால் இன்னொரு உண்மையை மறைக்க மாட்டேன். பிரதிநிதி கேட்ட பிறகுதான் ஒரு கோப்பு அசைகிறது என்றால், கேட்கத் தெரியாதவனின் கோப்பு அங்கேயே கிடக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் கடிதம் எழுத வல்லவனுக்குக் கிடைப்பது உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவுபவனுக்குக் கிடைப்பதில்லை. இந்த அநீதிக்கு என்ன மருந்து? எழுதத் தெரிந்தவனும் எழுதாமலிருப்பதா? அவன் மௌனத்தால் மற்றவனுக்கு ஒரு நாள்கூட மிச்சமாகாது. எழுதத் தெரிந்தவன் தனக்கு எழுதிவிட்டு, எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரனுக்கும் எழுதிக் கொடுப்பதுதான் மருந்து. ஒரே வகைத் தாமதம் குறித்து ஒரே அலுவலகத்துக்கு நூறு மனுக்கள் வந்து சேர்ந்தால், தனித்தனிக் குறைகள் ஒரு துறையின் குறையாகத் தெரியத் தொடங்கும். அப்போதுதான் சட்டமன்றம் விழிக்கும்.

ஏனெனில் தாமதம் இரு வகை. ஒன்று கோப்பின் தாமதம். மற்றொன்று சட்டத்தின் தாமதம். வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000 என்றும், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்றும் 1990ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்திருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல்லாண்டுகளாக நீண்டு கிடப்பது இதனால்தான். எந்த உறுப்பினரின் விசாரணைக் கடிதமும் இந்த வரிசையைக் குறைக்காது. அதைக் குறைக்கச் சட்டம் மாற வேண்டும். 2019 ஜூலையில் அத்தகைய மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 2020 இறுதியில் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் இணையாமலே காலம் முடிந்தது. அந்த 365 பேர் ஒரு காலைப்பொழுதில் தாமாக ஞானம் பெற்றவர்கள் அல்லர். வாக்கில்லாத பலர் பல ஆண்டுகள் அவர்களுடைய அலுவலகப் படிகளை ஏறி இறங்கியிருந்தார்கள்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் சிலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. வாக்கு இல்லை, எண்ணிக்கையோ சில ஆயிரம். இன்றைய பெரியவர்கள் அன்று இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லியிருப்பார்கள். நியூயார்க்கில் வணிகம் செய்த ஜே. ஜே. சிங், கலிபோர்னியாவில் வேளாண்மை செய்த தலீப் சிங் சௌந்த் போன்றோர் அப்படி இருக்கவில்லை. உறுப்பினர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். மீண்டும் மீண்டும் பேசினார்கள். கிளேர் பூத் லூஸ், இமானுவேல் செல்லர் என்ற இரு உறுப்பினர்களின் பெயரைத் தாங்கிய சட்டம் 1946இல் நிறைவேறியது. இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற அற்ப ஒதுக்கீடுதான். ஆனால் குடியுரிமைக் கதவு திறந்தது. சௌந்த் 1949இல் குடிமகனானார். 1956இல் அதே பிரதிநிதிகள் சபைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கதவைத் தட்டியவர் பத்தாண்டுகளில் கதவுக்கு உள்ளே அமர்ந்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் முற்றத்தைப் பார்க்காமல் முடிப்பது நேர்மையாகாது.

நியூ ஜெர்சித் தோழனின் அட்டைக்காகத் துடிக்கும் நாம், இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமைப் பற்றி எத்தனை கடிதங்கள் எழுதியிருக்கிறோம்? 1983க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்கள் தலைமுறை கடந்தும் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம், உரிய ஆவணமின்றி வந்தோரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகைப்படுத்தி விண்ணப்பிக்கும் வழியையே அடைத்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் மூன்று அண்டை நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது, இலங்கையை அழைக்கவில்லை. இது சட்டத்தின் தாமதம். கோப்பின் தாமதமும் உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் நம் சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். ஆயினும் மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒருவர், தம் கடவுச்சீட்டுக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை செல்ல வேண்டியிருந்தது. 2022இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில்தான் அவர் முதன்முறையாக வாக்களித்தார். சட்டம் பிறந்த நாளிலேயே கொடுத்த உரிமை வாக்குச்சாவடி வரை வந்து சேர முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

நம் அரசமைப்பின் 81ஆம் பிரிவும் மக்களவை இடங்களுக்கு மக்கள்தொகையைத்தான் அளவுகோலாக வைக்கிறது, வாக்காளர் தொகையை அன்று. நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம் கிடைத்தால் 15 நாள்களுக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், அடுத்த 15 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்று மத்திய அரசின் அலுவலக நடைமுறையும் சொல்கிறது. கருவி நம்மிடமும் இருக்கிறது. அதைக் கல்லூரி இடத்துக்கும் பணியிட மாற்றத்துக்கும் செலவழித்துவிட்டு, அதன் பெயரையே சிபாரிசு என்று கெடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் கெட்ட பெயரையே சுமந்துசென்று நியூ ஜெர்சியிலும் அஞ்சுகிறோம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வெளிநாட்டில் விண்ணப்பம் தேங்கிக் காத்திருப்பவர்களே, அறிவிக்கப்பட்ட கால அளவு கடந்துவிட்டால் ரசீது எண், விண்ணப்பித்த தேதி, தாமதத்தால் நேர்ந்த இழப்பு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பலருக்கும் ஒன்றாக அனுப்பினால் குழப்பமே மிஞ்சும். யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் வாக்குரிமையோடு வாழ்பவர்களே, உங்கள் தொகுதியில் முகாம் இருந்தால் அதில் 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய விண்ணப்பங்கள் எங்கே நிற்கின்றன என்று கேட்டு உங்கள் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் அதை அமைச்சகத்துக்கு அனுப்பிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்தாம் நாள் மீண்டும் கேளுங்கள்.

என் தோழன் நேற்றிரவு படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டான். நான் இன்று காலை இராமநாதபுரம் உறுப்பினருக்கு எழுதிவிட்டேன்.